புல்லரிப்பு, சிலிர்ப்பு, நடுக்கம்: மூன்றும் ஒன்றா?

பனங்காடை:
காய்ச்சல் பற்றிய ஒரு சிறு கையேட்டுக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரே பத்தியில் 'உடல் சிலிர்க்கும்', 'புல்லரிக்கும்', 'நடுக்கம் எடுக்கும்' என்று மூன்றும் வருகின்றன. எழுதியவரிடம் கேட்டால், எல்லாம் ஒன்றுதானே என்கிறார். இல்லை என்பது என் கட்சி. உடம்பில் நடப்பது இரண்டு தனித்தனிக் காரியம். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு பொடித் தசை ஒட்டியிருக்கிறது. அது சுருங்கினால் மயிர் நிமிர்ந்து, தோல் புள்ளி புள்ளியாகப் புடைக்கும். இது புல்லரிப்பு, சிலிர்ப்பும் இதுதான். கை, கால், தாடையை அசைக்கும் பெரிய தசைகள் விடாமல் சுருங்கி விரிந்து சூடு உண்டாக்கினால் அது நடுக்கம். மலேரியாவில் பல் கிட்டி, கட்டிலே ஆடுமளவுக்கு வருவதைப் போய் 'சிலிர்க்கும்' என்று எழுதினால், படிப்பவர் ஏதோ நல்ல பாட்டுக் கேட்டதாக நினைத்துக்கொள்வார்.

மேட்டுத்தெரு:
உடற்கூறைப் பார்த்துச் சொல்லுக்கு வேலி போடாதீர்கள். கிடா வெட்டு பார்த்ததுண்டா? மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பை ஒரு உதறு உதறினால்தான் சாமி உத்தரவு கிடைத்ததாகக் கணக்கு. எங்கள் பக்கம் அதை 'ஆடு சிலிர்த்திருச்சு' என்பார்கள். அங்கே ஆடுவது மயிர்க்கால் தசை இல்லை, முழு உடம்பு. உங்கள் கணக்குப்படி ஆடு நடுங்கியிருக்கிறது. பூசாரியிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

பனங்காடை:
அது சிலுப்புதல். தலையைச் சிலுப்பினாள் என்கிறோமே, அந்தச் சிலுப்பு. ஒலி நெருக்கமாக இருப்பதால் வாயில் கலந்துவிட்டது.

மேட்டுத்தெரு:
ஊரே ஒரு சொல்லைச் சொன்னால் அது கலந்துவிட்டது, நீங்கள் சொன்னால் அது இலக்கணம். நல்லா இருக்கு.

கூழாங்கல்:
சண்டைக்கு நடுவே ஒன்று. இந்தச் சொற்கள் வாக்கியத்தில் எப்படி உட்காருகின்றன என்று பாருங்கள். 'எனக்குப் புல்லரித்தது' என்போம். 'நான் புல்லரித்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. பசிப்பது, வலிப்பது மாதிரி அது நமக்கு வந்து சேர்கிற சங்கதி. சிலிர்ப்பு அப்படி இல்லை. உடம்பு தானாகச் சிலிர்க்கவும் செய்யும், சேவல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கும் நிற்கும். 'சிலிர்த்தெழுந்தான்' என்றால் அதில் ஒரு வீம்பே இருக்கிறது. நாயைக் கண்ட பூனையும் ரோமத்தைச் சிலிர்க்கும். பனங்காடை சொல்லும் அதே பொடித் தசைதான் பூனைக்கும். ஆனால் 'பூனைக்குப் புல்லரித்தது' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வருகிறது. ஆகவே புல்லரிப்பும் சிலிர்ப்பும் ஒன்று என்ற பாதியை ஏற்க மாட்டேன்.

அப்புறம், புல்லரிப்பு இப்போது பாதி நக்கலுக்குப் போய்விட்டது. மேடையில் ஒருவர் தன் தியாகத்தைத் தானே அடுக்கினால், கீழே இருப்பவர் 'அப்படியே புல்லரிக்குது' என்கிறார். மெய்சிலிர்ப்புக்கு இன்னும் அந்தக் கதி வரவில்லை.

பனங்காடை:
சிலிர்ப்பையும் புல்லரிப்பையும் நீங்கள் பிரித்தால் எனக்கு வழக்கில்லை. நடுக்கத்தோடு சேர்ப்பதுதான் என் வழக்கு. இதைத் தமிழ் எப்போதோ பிரித்துவிட்டது. திருவாசகத்தில் திருச்சதகம் தொடங்குவதே 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று. மெய் அரும்புவது மயிர் நிமிர்வது, விதிர்விதிர்ப்பது நடுங்குவது. ஒன்று போதும் என்றிருந்தால் மாணிக்கவாசகர் இரண்டு சொல்லைச் செலவழித்திருக்க மாட்டார்.

மேட்டுத்தெரு:
நல்ல சாட்சிதான், ஆனால் எனக்கு! இரண்டையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார், ஏனென்றால் இரண்டும் ஒரே பக்தியில் வருகின்றன. பழையதுதான் வேண்டுமென்றால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு வாருங்கள். நகை, அழுகை என்று தொடங்கும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்ன பிறகு இன்னும் 32 அடுக்குகிறது. அதில் வியர்த்தல் இருக்கிறது, நடுக்கு கடைசியில் நிற்கிறது. மயிர் நிமிர்வதற்குத் தனி இடமே இல்லை. மனசில் ஏற்பட்டது மெய்யில் தெரிந்தால் மெய்ப்பாடு, அவ்வளவுதான். எந்தத் தசை என்று தொல்காப்பியர் கேட்கவில்லை.

இரவுப்பணி:
வார்டில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். காய்ச்சலோடு வருபவர்கள் 'சிலிர்க்குது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 'குளிர் தூக்கித் தூக்கிப் போடுது' என்பார்கள், இல்லாவிட்டால் 'விட்டு விட்டுக் குளிருது'. காரணமும் நேரானது. 37 டிகிரி செல்சியஸ் போதும் என்றிருந்த மூளை, கிருமி வந்ததும் 39 வேண்டும் என்று அளவை ஏற்றிவிடுகிறது. உடம்பு இன்னும் 37-இலேயே நிற்பதால் அதற்குக் குளிர்கிறது. சூட்டை விடாமல் பிடித்து வைக்கத் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மயிரும் நிமிரும். அது போதாதபோது தசைகள் ஆடத் தொடங்கும். அதனால் ஒரே நோயாளிக்கு இரண்டும் உண்டு. ஆனால் மருத்துவர் கேட்பது நடுக்கத்தைப் பற்றித்தான். உடம்பே ஆடும் நடுக்கம் என்றால் மலேரியாவோ ரத்தத்தில் கிருமியோ என்று உடனே யோசிப்பார். கை மயிர் நிமிர்ந்ததைச் சொல்லி யாரும் அட்மிட் ஆவதில்லை.

மேட்டுத்தெரு:
அப்படியென்றால் அம்மா சொல்வதுபோல 'குளிர் தூக்கிப் போடும்' என்றே கையேட்டில் போடட்டுமே. நடுக்கம் என்றால் பயந்தவனுக்கும் நடுக்கம், எண்பது வயதுக் கைக்கும் நடுக்கம். அதையெல்லாம் யார் பிரிப்பது?

பனங்காடை:
'குளிர் நடுக்கம்' என்று போடுகிறேன். பயந்தவரும் வயதானவரும் முன்னால் இருக்கும் 'குளிர்' என்ற சொல்லைப் பார்த்து விலகிக்கொள்வார்கள். 'சிலிர்க்கும்' அந்தப் பத்தியில் எங்குமே வராது. தோல் புடைப்பதை 'மயிர்க்கூச்செறியும்' என்று எழுதலாமா என்று பார்க்கிறேன், கூழாங்கல் சொன்ன நக்கல் அதில் ஒட்டாது.

கூழாங்கல்:
ஒட்டாது. ஆனால் பேய்க்கதை வாசம் வரும். பேசாமல் 'கையில் மயிர் நிமிரும்' என்று எழுதிவிடுங்கள்.

மேட்டுத்தெரு:
கையேடு அச்சானதும் ஒரு பிரதி அனுப்புங்கள். எங்கள் பூசாரிக்கும் ஒன்று.