'ரெமோர்க்' கடைசிக் காட்சி: பிரெஞ்சு தெரிந்தவர்கள் உதவுங்களேன்

நண்பர்களே, ழான் கிரெமியோன் இயக்கிய 'ரெமோர்க்' (1941) படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்து முடித்தேன். பிரெஸ்ட் துறைமுகத்தில் மீட்பு இழுவைக் கப்பலின் கேப்டனாக ழான் கபேன். தன் ஆள் ஒருவனின் கல்யாண விருந்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது ஆபத்துச் செய்தி வர, அப்படியே எழுந்து புயலுக்குள் போகிறார்கள். ஆரம்பமே அள்ளிவிட்டது. புயல் காட்சிகளில் பொம்மைக் கப்பல் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது, அதனால் என்ன! போர் வந்து படப்பிடிப்பு பாதியில் நின்று, பிறகு முடித்த படம்.

பிரச்சினை இதுதான். மனைவி இறந்த பிறகு கபேன் மழையில் கப்பலை நோக்கி நடக்கிறார். பின்னணியில் பிரார்த்தனை மாதிரி ஒரு குரல், கூடவே கோரஸ். என்னிடம் உள்ள சப்டைட்டிலில் அந்த இடம் மொத்தமும் காலி. முன்னாடியும் வசனத்துக்கு நாலைந்து செகண்ட் பின்தங்கியே ஓடுகிறது. வசனம் ழாக் பிரெவேர் எழுதியது, கவிஞர் வேறு. விட்டுவிட மனசு வரவில்லை.

அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டுச் சொல்ல முடியுமா? வரிக்கு வரி வேண்டாம், சாரம் போதும். சரியாகப் பொருந்துகிற ஆங்கில சப்டைட்டில் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். என் பிரதி 80 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது.