புது கியர் சைக்கிளின் முதல் மாதம்: அனுபவப் பகிர்வு

காரைக்குடியிலிருந்து:

சென்ற ஆடி மாதத் தொடக்கத்தில் 21 கியர் கொண்ட சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பெரிய மேடுகளே இல்லாத நம் ஊருக்குக் கியர் எதற்கு என்று அப்பத்தா கேட்டார். குன்றக்குடிச் சாலையில் மேல்காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மூன்று வாரங்கள் நன்றாக ஓடிய வண்டி, நான்காம் வாரத்தில் முரண்டு பிடித்தது. விசையைத் தட்டினால் கிளிக் என்ற ஒலி கேட்டதே தவிர, செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறவில்லை. ஏறினாலும், அழுத்தி மிதித்தவுடன் பழையபடி சிறியதற்கே இறங்கிற்று.

பழுதான வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, வீட்டு முகப்பில் அதைக் கவிழ்த்து வைத்துக் கையில் கிடைத்த திருகையெல்லாம் திருகினேன். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின்பக்கக் கருவியான டீரெய்லரில் ‘எல்’ என்று குறித்திருந்த திருகைத் தளர்த்தி, கேபிளையும் இழுத்துக் கட்டியதில், கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தபோது செயின் கடைசிப் பல்சக்கரத்தையும் தாண்டிப் பின்சக்கரக் கம்பிகளுக்குள் விழுந்து சிக்கியது. சாலையில் போகும்போது இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு வெகுநேரம் நான் உறங்கவில்லை.

மறுநாள் செக்காலையில் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். “வண்டியில குறை ஒண்ணும் இல்ல தம்பி, புதுக் கேபிள் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்” என்றார். ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் கேபிள் உறையின் முனைகள் அவற்றின் குழிகளில் நன்றாக அழுந்தி உட்கார்வதால், உள்ளே ஓடும் கம்பியின் இழுவை சற்றே குறைந்துவிடுகிறது. ஜப்பானின் சைக்கிள் உதிரிபாக நிறுவனமான ஷிமானோ 1984-இல் கொண்டுவந்த, கிளிக்குக்கு ஒரு கியர் என்ற ஏற்பாடே இன்று பெரும்பாலான கியர் சைக்கிள்களில் இருக்கிறது. என்னுடையதைப் போன்ற 7 பல்சக்கர ஃப்ரீவீலில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில்) சக்கரத்துக்குச் சக்கரம் 5 மி.மீ. தொலைவு, அதைக் கடக்கக் கேபிள் ஏறத்தாழ 3 மி.மீ. இழுபட வேண்டும். இவ்வளவு நுட்பமான கணக்கில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலும் செயின் தடுமாறாமல் என்ன செய்யும்?

அவர் முதலில் ‘எல்’ திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அதுவும் ‘எச்’ திருகும் செயின் உள்ளேயோ வெளியேயோ விழாமல் காக்கும் எல்லைகள் மட்டுமே என்றும், ஒருமுறை சரியாக வைத்தபின் அவற்றைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். பிறகு, கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்திலுள்ள சிறிய உருளைத் திருகை, வண்டிக்குப் பின்னால் அமர்ந்து, இடப்பக்கமாகக் கால் சுற்று திருகினார். பெடலைச் சுற்றி ஒரு கிளிக் தட்டிப் பார்த்தார். மீண்டும் கால் சுற்று. மூன்றாம் முறையில் செயின் ஓசையின்றி ஏறிற்று. ஏற மறுத்தால் இடப்பக்கம், ஏறிய பிறகு அடுத்த பெரிய சக்கரத்தில் உரசினால் வலப்பக்கம். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

தேவகோட்டையிலிருந்து:

எனக்கு உருளைத் திருகு பயன்படவில்லை. சிறிய பல்சக்கரங்களுக்குச் சரிசெய்தால் பெரியவற்றில் உரசியது, பெரியவற்றுக்குச் சரிசெய்தால் சிறியவற்றில் தாவியது. இரண்டு நாட்கள் போராடியபின், பின்னாலிருந்து கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தபோதுதான், டீரெய்லரைத் தாங்கும் அலுமினியக் காது உட்புறமாக வளைந்திருப்பது தெரிந்தது. மதுரையிலிருந்து வந்த வண்டியில் சைக்கிளை வலப்பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். காதை மாற்றியபின் ஐந்தே நிமிடத்தில் எல்லாக் கியர்களும் சரியாயின. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்திருந்தால் இந்தச் சேதமே நேர்ந்திருக்காது.

பள்ளத்தூரிலிருந்து:

மேலே எழுதிய அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. என் மகளின் புது வண்டியில் வந்த உரசலுக்குத் திருகு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. முன்பக்கப் பெரிய சக்கரத்திலும் பின்பக்கப் பெரிய சக்கரத்திலும் ஒரே நேரத்தில் செயினை வைத்து அவள் ஓட்டிவந்ததால், செயின் கோணலாக இழுபட்டு ஒலித்திருக்கிறது. முன்பக்கத்தை நடுச் சக்கரத்துக்கு மாற்றச் சொன்னேன், ஒலி நின்றது. நம் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்து செயினில் அப்பிக்கொள்வதால், வாரம் ஒருமுறை பழைய துணியால் அதைத் துடைக்கவும் அவளைப் பழக்கியிருக்கிறேன்.