பழைய பைன்ஃபோன் வாங்கலாமா? ஆப் போடுவது எப்படி?

வேம்பு
செகண்ட் ஹேண்டில் ஒரு பைன்ஃபோன் (ஆண்ட்ராய்டு இல்லாமல் லினக்ஸில் ஓடும் ஃபோன்) விலைக்கு வருகிறது. 2 ஜிபி ராம், 16 ஜிபி ஸ்டோரேஜ். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் சிஸ்டமும், அதன் திரை முகப்பாக போஷும் போட்டிருக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: ஆப் எங்கிருந்து போடுவது? வாட்ஸ்அப், யுபிஐ ஓடுமா? ஜியோ சிம்மில் பேச முடியுமா? டெர்மினல் ஓரளவுதான் பழக்கம்.

கம்பிவலை
இருக்கும் ஒரே ஃபோன் இதுதான் என்றால் வேண்டாம். இரண்டாவது ஃபோன் என்றால் தாராளமாக வாங்குங்க. உள்ளே இருப்பது ஆல்வின்னர் ஏ64, மலிவு டேப்லெட்டுகளுக்கென்று 2015-இல் வந்த சிப். வேகம் எதிர்பார்க்காதீங்க.

ஆப் போட ஸ்டோரைத் திறக்காதீங்க, 2 ஜிபி ராமில் அது மூச்சு வாங்கும். டெர்மினலில் ஏபிகே கட்டளை (ஆண்ட்ராய்டின் ஏபிகே ஃபைல் அல்ல, இந்த சிஸ்டத்தில் ஆப் போடும் கருவி) போதும். முதலில் அப்டேட், அடுத்து அப்கிரேட், பிறகுதான் ஆட். அப்டேட் பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும், அப்கிரேட்தான் ஏற்கெனவே இருப்பதைப் புதுப்பிக்கும், ஆட் புது ஆப்பைப் போடும். நடுவில் அப்கிரேடைத் தாண்டிப் போனால் பழைய லைப்ரரியும் புது ஆப்பும் முட்டிக்கொள்ளும். ஸ்டேபிள் ரெப்போவோடு (ஆப் கிடங்கு) இன்னும் சோதனையில் இருக்கும் எட்ஜ் ரெப்போவைக் கலப்பதும் அதே கதைதான், இன்னும் மோசமாக.

நெட்டில் கிடைக்கும் டெப் ஃபைல், ஆப்இமேஜ் போன்ற லினக்ஸ் ஆப் ஃபைல்கள் பெரும்பாலும் இதில் ஓடாது. இது ஆல்பைன் லினக்ஸ் வழி வந்தது, ஆப்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி இதில் மசல். அவை ஜிலிப்சி என்ற வேறு சி லைப்ரரிக்காகக் கட்டியவை. ஃபிளாட்பேக் என்ற ஆப் வடிவம் மட்டும் தன் லைப்ரரிகளைத் தானே சுமந்து வருவதால் ஓடும். அதுவும் இந்த சிப்புக்கான ஆர்ம் 64-பிட் பதிப்பு இருந்தால்தான். சின்ன ஆப்பாக இருந்தாலும் முதல் தடவை ரன்டைமே (ஆப் ஓடத் தேவையான பொது லைப்ரரித் தொகுப்பு) நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அதனால் ஏபிகேயில் இல்லாததற்கு மட்டும் ஃபிளாட்பேக். அவ்வப்போது 'அன்இன்ஸ்டால் அன்யூஸ்டு' கொடுத்தால் இடம் மீளும்.

ஸ்கிரீன் 720 பிக்சல் அகலம். எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கில் ஆப்புக்குக் கிடைப்பது 360தான். பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டால் போஷ் மொபைல் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு 'ஸ்கேல் டு ஃபிட்' போடுங்க.

நாணல்
யுபிஐ ஆசையை விட்டுடுங்க. வேட்ராய்டு (லினக்ஸுக்குள் ஒரு தனிக் கன்டெய்னரில் ஆண்ட்ராய்டை ஓட்டும் கருவி) போட்டால் ஆண்ட்ராய்டு ஆப் திறக்கும், ஆனால் அந்தக் கன்டெய்னருக்கு சிம் தெரியாது. யுபிஐ ஆப்போ அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரைச் சரிபார்க்கும். அங்கேயே நின்றுவிடும்.

வாட்ஸ்அப்பை ஃபயர்ஃபாக்ஸில் வெப் வழியாகப் பார்க்கலாம். அக்கவுன்ட் இருக்கும் ஃபோனை 14 நாள் தொடாமல் விட்டால் லாகவுட் ஆகிவிடும். ஃபோன் தூங்கும்போது அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்தான் மோடம் (நெட்வொர்க் சிப்) வழியாக எழுப்பும். வாட்ஸ்அப் மெசேஜ் நீங்கள் திரையைத் தொடும்வரை காத்திருக்கும். டெலிகிராம் டெஸ்க்டாப் ஏபிகேயிலேயே இருக்கிறது, ஆனால் தூக்க விஷயம் அதற்கும் இதேதான்.

கடலோரன்
ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) வந்தால்தான் பேச்சு. மோடம் குவெக்டெல் ஈஜி25-ஜி. ஜியோவின் 4ஜி பேண்டுகளான (அலைவரிசைகள்) 3, 5, 40 மூன்றும் அதில் உண்டு. டேட்டா வந்து கால் மட்டும் போகாவிட்டால் வோல்ட்இ ப்ரொஃபைல் தப்பாக இருக்கலாம். மோடமைக் கையாளும் மோடம்மேனேஜர் சர்வீஸை நிறுத்திவிட்டு (இல்லாவிட்டால் போர்ட்டை விடாது) டிடிஒய் யுஎஸ்பி2 போர்ட்டில் ஏடி கட்டளை (மோடமுக்கு நேரடியாகக் கொடுப்பது) கொடுங்க: எம்பிஎன் ஆட்டோசெலக்ட் 0 (ப்ரொஃபைல் தானாகத் தேர்வாவதை நிறுத்த), பிறகு 'ரோ ஜெனரிக் 3ஜிபிபி' தேர்வு, ஐஎம்எஸ் 1 (வோல்ட்இ-யை இயக்க), மோடம் ரீஸ்டார்ட்.

அதற்கும் முன்னால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்க. வரிசையாக 6 குட்டி சுவிட்ச் இருக்கும். முதலாவது மோடம். ஆறாவது ஆஃபில் இருந்தால் ஹெட்ஃபோன் ஜாக் சீரியல் போர்ட் ஆகிவிடும், பாட்டு கேட்காது. பலர் ஜாக் போச்சென்று நினைப்பது இதைத்தான்.

வேம்பு
நன்றி. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியுமா? உள்ளே இருப்பதை அழிக்காமல் வேறு சிஸ்டம் போட்டுப் பார்க்க வழி உண்டா?

கம்பிவலை
கட்டம் தெரிந்தால் ஏபிகேயில் 'ஃபான்ட் நோட்டோ தமிழ்' போட்டு, ஆப்பை மூடித் திறங்க. எஸ்டி கார்டு இருந்தால் ஃபோன் முதலில் அதிலிருந்துதான் பூட் ஆகும். கார்டில் வேறு சிஸ்டத்தின் இமேஜை (முழு சிஸ்டம் அடங்கிய ஃபைல்) எழுதிப் போடுங்க, கார்டை எடுத்தால் பழையபடி.

நாணல்
வாங்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்க. உப்பியிருந்தால் விலையைக் குறைங்க. 2015-இல் வந்த சாம்சங் ஜே7 மாடலின் பேட்டரி பொருந்தும்.