பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்பது: எங்கே சறுக்குகிறது?

பரிசோதனைக்கு வந்த பிள்ளையிடம் தனியாகப் பேச, பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லத்தான் மருத்துவர்கள் பலருக்கும் தயக்கம். அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் பதில் "இல்லை"தான். அப்படிக் கேட்டுக் கேள்விப் படிவத்தை நிரப்பியும் பயனில்லை. "இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவோம்" என்று வழக்கமான நடைமுறையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. தனியானதும் ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் பேசுவோம், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே. கேள்விகள் முடிந்தபின் இதைச் சொன்னால் பிள்ளைக்கு வலையில் விழுந்த மாதிரி இருக்கும்.

*

தனிமையோடு கேள்வியின் வடிவமும் முக்கியம். 12 முதல் 21 வயது வரை உள்ளவர்களிடம் போதைப் பழக்கத்தைக் கண்டறியும் கிராஃப்ட் (CRAFFT) கேள்விப் படிவத்தின் 2.1 பதிப்பு "குடிப்பாயா?" என்று கேட்பதில்லை, "கடந்த 12 மாதங்களில் எத்தனை நாள்?" என்று மது, கஞ்சா, மற்றவை எனத் தனித்தனியாகக் கேட்கிறது. எல்லாமே பூஜ்யம் என்றாலும் வாகனக் கேள்வி ஒன்று பாக்கி: போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா? அவசரத்தில் விடுபடுவது இதுதான். தான் எதையும் தொடாத பிள்ளை குடித்த அப்பாவின் வண்டியில் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு நாளாவது பயன்படுத்தியிருந்தால் வாகனக் கேள்வியோடு சேர்த்துப் படிவத்தின் ஆறு ஆம்/இல்லை கேள்விகளும் கேட்க வேண்டும். இரண்டு "ஆம்" வந்தால் விரிவாக விசாரியுங்கள். அதுவே நோய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, "சிகரெட் பிடிப்பாயா?" என்ற கேள்விக்கு வேப் (மின் சிகரெட்) இழுக்கும் பையன் மனசாட்சியோடு "இல்லை" என்பான். கிராஃப்ட் படிவத்தில் நிக்கோட்டின் கேள்விகளும் சேர்த்த பதிப்பை எடுங்கள்.

*

சின்னப் பிள்ளைகளிடம் வரிசை மாறும். மதுவைப் பொறுத்தவரை சுமார் 14 வயதுக்குக் கீழ் என்றால் முதலில் நண்பர்களைப் பற்றிக் கேளுங்கள், பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி. அதைவிடப் பெரிய பிள்ளைகளிடம் நேரெதிர். பசை, தின்னர், பெயின்ட் போன்றவற்றை முகர்வதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். "போதைப்பொருள்" என்றால் பிள்ளைகள் நினைவுக்கு இவை வருவதில்லை. வாயைச் சுற்றிப் புண், உடையில் ரசாயன வாடை இருந்தால் கவனியுங்கள்.

*

"யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்கும் பெற்றோருக்கு: அது கேள்விகளுக்கு மாற்று இல்லை. கஞ்சாவை விடாமல் பயன்படுத்தியவருக்கு நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். நேற்று முன்தினம் குடித்த மது தெரியாமலே போகலாம். முகரும் பொருட்கள் வழக்கமான பட்டியலில் இல்லை. அபின் வகைப் பொருட்களைக் கண்டறியும் ஓபியேட் சோதனைப் பட்டை, செயற்கை ஓபியாய்டான ஃபென்டனைலைப் பிடிக்காது. சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின் ஊக்கப் போதைப்பொருளான ஆம்ஃபெட்டமைன் போலக் காட்டிக் குழப்பும். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப் பொருளான கிரியாட்டினின் 20 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே என்றால் மாதிரி நீர்த்திருக்கிறது. அப்போது வரும் நெகட்டிவை நம்ப முடியாது. பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்தால் அடுத்த முறை வாயே திறக்காது.

*

கடைசியாக ஒன்று: மறுசந்திப்புக்கு எந்த எண்ணில் அழைக்கலாம் என்று பிள்ளையிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணுக்குப் போகும் குறுஞ்செய்தி, ரசீது, மருத்துவக் குறிப்பு எதிலும் ஆலோசனையின் பெயர் வரக்கூடாது. அறைக்குள் காப்பாற்றிய ரகசியம் கவுன்டரில் உடைவதுதான் அதிகம்.