சவுண்ட்பாரில் சத்தமே வரவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்

மாடிவீட்டு_மல்லி:
டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர், அதுதான் சவுண்ட்பார், வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, சத்தம் வரமாட்டேன் என்கிறது. எல்லாக் கேபிளும் சரியாகத்தான் செருகியிருக்கிறேன், இரண்டு தடவை கழற்றி மாட்டியும் பார்த்துவிட்டேன். நாளை மறுநாள் தைப்பூசம், ஈப்போவிலிருந்து அத்தை குடும்பம் மொத்தமும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது, தியேட்டர் மாதிரி படம் போட்டுக் காட்டுகிறேன் என்று நான் வேறு வாயை விட்டுவிட்டேன். என்ன செய்வது?

பட்டர்வொர்த்_பையன்:
என்ன டிவி, என்ன பார், எந்தக் கேபிள், எந்த போர்ட்? சத்தமே வரவில்லை என்றால் எதிலுமே இல்லையா, டிவியிலாவது வருகிறதா? ஒன்றுமே சொல்லாமல் என்ன செய்வது என்றால் எப்படி அக்கா.

சுங்கைநிபோங்_சிவா:
கேபிள் போயிருக்கும். எனக்கும் இதே கதைதான். பெட்டியோடு வருகிற கேபிளை நம்பவே கூடாது, தங்க முலாம் பூசினதாகப் பார்த்து வாங்குங்கள், 150 வெள்ளி (ரிங்கிட்) ஆனாலும் பரவாயில்லை.

மாடிவீட்டு_மல்லி:
சாரி சாரி. டிகோடரில் (சானல் வருகிற செட்-டாப் பெட்டி) பார்த்தால் பாரில் சத்தம் அருமையாக வருகிறது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போட்டால்தான் பார் ஊமை, டிவி ஸ்பீக்கரில் மட்டும் தகர டப்பாவைத் தட்டின மாதிரி வருகிறது. எச்டிஎம்ஐ கேபிள். டிவி மூன்று வருஷப் பழசு, சுவரில் மாட்டியிருக்கிறது.

ஒலிமாமா:
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் மூன்று பேர் நேரம் மிச்சம். மாசத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள், பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. எச்டிஎம்ஐயை மறந்துவிட்டு ஆப்டிகல் போடுங்கள், சத்தத்தை ஒளியாக அனுப்புகிற கேபிள். 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது, இன்றைக்கும் உழைக்கிறது. ஒரு முனை டிவியில், மறுமுனை பாரில், வேறு வம்பே இல்லை. 20 வெள்ளிக்குக் கிடைக்கும். முடிந்தது.

தெலுக்பகாங்_டெக்:
மல்லி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். உங்கள் டிகோடர் நேரே பாருக்குள் போகிறது போலிருக்கிறது. அதன் சத்தத்தைப் பார் அங்கேயே எடுத்துக்கொண்டு படத்தை டிவிக்கு அனுப்புகிறது, அதனால் அது வேலை செய்கிறது. யூடியூப் அப்படி இல்லை, அது டிவிக்குள்ளேயே ஓடுகிறது. அந்தச் சத்தம் அதே கேபிளில் எதிர்த்திசையில், டிவியிலிருந்து பாருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். 2002-இல் எச்டிஎம்ஐ வந்தபோது இந்தத் திரும்பும் வழியே கிடையாது, 2009-இல் அதன் 1.4 பதிப்பு வந்தபோதுதான் ஏஆர்சி என்று சேர்த்தார்கள். பிளக்கில் இருக்கும் 19 பின்களில் படம் போகிற பின்கள் வேறு, திரும்பி வரும் சத்தத்துக்கு 14ஆம் பின். டிவி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு போர்ட்டில்தான் இந்த வசதியை வைக்கிறார்கள். படமோ எந்த போர்ட்டில் செருகினாலும் வந்துவிடும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதாக நாமும் நினைத்துக்கொள்வோம். டிவிக்குப் பின்னால் ஏஆர்சி அல்லது அதன் மேம்பட்ட வகையான இ-ஏஆர்சி என்று அச்சடித்த போர்ட்டில்தான் கேபிள் இருக்கிறதா பாருங்கள்.

மாடிவீட்டு_மல்லி:
சுவருக்கும் டிவிக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைகிறது. கைப்பேசியை உள்ளே விட்டு ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். முதல் படத்தில் இரண்டு பல்லி முட்டை, இரண்டாவதில் என் கட்டைவிரல், மூன்றாவதில் தெரிந்தது. எச்டிஎம்ஐ 2-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏஆர்சி என்று இருக்கிறது. கேபிள் அதில்தான் இருக்கிறது! அப்ப ஏன்?

சுங்கைநிபோங்_சிவா:
அப்ப கேபிள்தான். முதலிலேயே சொன்னேன்.

பட்டர்வொர்த்_பையன்:
அண்ணே, அதே கேபிளில் படம் போகிறதே. டிஜிட்டலில் கேபிள் கெட்டால் சத்தம் மெலியாது, விட்டு விட்டு அறுபடும், திரையில் வெள்ளைப் புள்ளி பறக்கும். தங்கம் பூசினால் யூடியூப் இனிமையாகப் பாடாது. ஏஆர்சிக்குப் 15 வெள்ளிக் கேபிளே தாராளம்.

சுங்கைநிபோங்_சிவா:
கடலோரம் குடியிருந்து பார் தம்பி. உப்புக் காற்றில் இரண்டே வருஷத்தில் பிளக் பச்சை பிடித்துவிடுகிறது. தங்கம் கறுக்காது.

பட்டர்வொர்த்_பையன்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா வீட்டுக் கேபிளுக்கு ஒரு வாரம்தான் வயசு.

ஒலிமாமா:
எல்லாரும் எங்கெங்கோ போகிறீர்கள். ஏஆர்சியே அரைகுறை, அதில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கிற மாதிரியான சுற்றொலி) வராது. அதற்கு 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்த இ-ஏஆர்சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஆப்டிகலே போதும் என்றுதான் அப்போதே சொன்னேன்.

தெலுக்பகாங்_டெக்:
மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தப்பு. நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் என்கிற சுருக்கிய ஒலி வடிவத்துக்குள் வைத்துத்தான் அனுப்புகிறது, சாதாரண ஏஆர்சி அதைத் தூக்கிவிடும். ப்ளூ-ரே தட்டில் வரும், தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலிக்குத்தான் இ-ஏஆர்சி வேண்டும், அது நொடிக்கு 37 மெகாபிட் வரை சுமக்கும். அட்மாஸ் வராதது உங்கள் ஆப்டிகலில்தான். அதில் இரண்டு சானல் பிசிஎம் (சுருக்காத ஒலி), இல்லையென்றால் சுருக்கிய 5.1 சுற்றொலி, அதற்கு மேல் பிளஸ் கூடப் போகாது. டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அந்தக் கம்பியில் போகாது, மேசையில் இன்னொரு ரிமோட் உட்கார்ந்திருக்கும்.

ஒலிமாமா:
1990களிலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். இரண்டு ரிமோட் வைத்துக்கொண்டால் யாருக்கும் கை ஒடியாது.

கெலுகோர்_கணேஷ்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் தைப்பூசத்துக்கு ரோடு எத்தனை மணிக்கு அடைப்பார்கள், யாருக்காவது தெரியுமா? மகன் காவடி எடுக்கிறான்.

தெலுக்பகாங்_டெக்:
மல்லி, இன்னும் ஒன்று. பல டிவிகளில் சிஇசி அணைந்திருந்தால் ஏஆர்சி எழுந்திருக்காது. ஒரு கருவி இன்னொன்றை ஆன் பண்ணும், ஆஃப் பண்ணும் வசதி அது. மெனுவில் சிஇசி என்றே இருக்காது, ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை ஆன் செய்துவிட்டு, ஒலி வெளியீட்டில் டிவி ஸ்பீக்கரை மாற்றிச் சவுண்ட்பாரைத் தேர்ந்தெடுங்கள். டிவி தானாக எரிகிறது என்று முன்பு யாராவது எதையாவது அணைத்தீர்களா?

பட்டர்வொர்த்_பையன்:
மாற்றின பிறகும் வராவிட்டால் டிவி, பார், டிகோடர் மூன்றையும் சுவிட்சிலேயே அணைத்து ஒரு ஐந்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் முதலில் டிவி, அடுத்தது பார்.

மாடிவீட்டு_மல்லி:
வந்துவிட்டது!!! நீங்கள் சொன்ன பேர்களில் ஒன்றுதான், ஆஃப் ஆகியிருந்தது. தம்பி வேலை. போன வருஷம் ராத்திரி 2 மணிக்கு டிவி தானாக எரிந்து பாட்டி அலறிவிட்டார், அன்றைக்கு அணைத்தவன் யாரிடமும் சொல்லவே இல்லை. நன்றி நன்றி, பருப்பு அடுப்பில் இருக்கிறது, ஓடுகிறேன்.

ஒலிமாமா:
ஆப்டிகல் போட்டிருந்தால் பாட்டியும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தெலுக்பகாங்_டெக்:
மல்லி, போவதற்குள் இதையும் பார்த்துவிடுங்கள். அன்றைக்கு டிவியை எழுப்பியது டிகோடராகத்தான் இருக்கும். டிகோடர் மெனுவில் சிஇசி இருந்தால் அங்கே மட்டும் அணையுங்கள், டிவியிலும் பாரிலும் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் இன்று ராத்திரி மறுபடியும் அலறல்தான், இந்தத் தடவை சவுண்ட்பாரில். மல்லி?

கெலுகோர்_கணேஷ்:
ரோடு பற்றி யாருமே சொல்லவில்லையே.