ஊருணியில் ஆமையை விடலாமா?

காரைக்குடிப் பக்கம் இருக்கோம். மகனுக்கு வாங்கின சிவப்புக் காது ஆமை தீப்பெட்டி அளவுல வந்துச்சு, இப்போ சாப்பாட்டுத் தட்டு அளவு. கண்ணாடித் தொட்டியில திரும்பவே இடமில்லை. "ஊருணியில விடுப்பா, புண்ணியம்"ங்கிறாக அப்பத்தா.

எனக்கு மனசு ஒப்பலை. இது அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து இனம், உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியல்ல இருக்கு. நம்ம ஊர் ஆமைகளோட இரைக்கும் வெயில் காயுற இடத்துக்கும் மல்லுக்கட்டும், நோயும் பரப்பலாம். அதோட, ஆள் நிழல் பட்டாலே கழுத்தை நீட்டிக்கிட்டு தீனிக்கு வருது. தெருநாய்கிட்டயும் அப்படித்தானே போய் நிக்கும்?

வீட்டு இரண்டாங்கட்டுல (ரெண்டாவது முற்றத்துல) வெயில் விழுற இடமா சிமெண்ட் தொட்டி கட்டலாம்னு யோசனை. எவ்வளவு ஆழம் வேணும்? 30 வருஷம்கூட வாழுமாமே, இடவசதியோட பொறுப்பா வளர்க்கிறவங்க யாராவது இருந்தாலும் சொல்லுங்க. அப்பத்தாவைச் சமாளிக்கவும் வழி சொல்லுங்கப்பா.