விலகிய தேதி ‘நல்’னு காலியா இருந்தா, ஆள் இருக்காரா போனாரா?

பழையடிபிஏ: “டேபிளை டைரக்ட் மேப்பிங்ல ஆர்டிஎஃப் ஆக்கி ஆன்டாலஜியோட இணைச்சா ஒரு தகவலும் தொலையாது”ன்னு நேத்து மூவுறுப்பன் எழுதினதைப் படிச்சதிலேர்ந்து வயித்தெரிச்சல். டைரக்ட் மேப்பிங்னா டேபிளைத் தானாவே ஆர்டிஎஃப் ஆக்கற விதி; ஆர்டிஎஃப்னா தகவலை எழுவாய், உறவு, மதிப்புன்னு மூணு துண்டா, அதாவது ‘டிரிபிளா’, வெக்கற முறை; ஆன்டாலஜின்னா எது எந்த வகை, எதுக்கு எதோட என்ன உறவுன்னு சொல்ற வரையறை. பணியாளர் டேபிள்ல விலகிய_தேதி நல்-னா ஆள் இன்னும் வேலையில இருக்கார்னு அர்த்தம். மேப்பிங் அந்த நல்லைப் பார்த்ததும் டிரிபிள் போடாமலே நகர்ந்துடும். ஆள் எங்கே?

மூவுறுப்பன்: சார், வலைத் தரங்களை வகுக்கற டபிள்யூ3சி 2012-ல வெச்ச விதியே அதுதான். இல்லாததுக்கு எதுக்கு டிரிபிள்? ஆர்டிஎஃப்ல தேடற மொழியான ஸ்பார்க்யூஎல் 1.1-ல, ‘இந்த டிரிபிள் இல்லாதவங்களை மட்டும் கொடு’ங்கற ‘ஃபில்டர் நாட் எக்சிஸ்ட்ஸ்’ போடுங்க, வேலையில இருக்கறவங்க வரிசையா வருவாங்க.

பழையடிபிஏ: வருவாங்க. தேதியை டைப் பண்ண மறந்துபோன கேஸும் கூடவே வரும்.

மூவுறுப்பன்: அது உங்க டேபிள்லயும் வருமே! நல்லுக்கு நாலு அர்த்தம் வெச்சது டேபிள்ல தேடற மொழியான எஸ்க்யூஎல்காரங்க, பழி மட்டும் எங்க மேல.

பழையடிபிஏ: பேச்சை மாத்தாதீங்க. இருக்கற தகவல்லேர்ந்து புதுசா முடிவெடுக்கற ரீசனருக்குத் திறந்த உலகம், அதாவது சொல்லாததைப் பொய்னு எடுத்துக்காது. டிரிபிள் இல்லேன்னா ‘விலகலை’ன்னு எடுத்துக்காது, ‘தெரியாது’ன்னு உட்கார்ந்துடும். டேபிள்ல ஒரு வரியில இருந்த சேதி அங்கே எங்கே?

கீழ்வரி: மேப்பிங்கை நாமே எழுதற மொழியான ஆர்2ஆர்எம்எல்ல எஸ்க்யூஎல் வினவலையே எழுதலாமே. விலகிய_தேதி ‘இஸ் நல்’ ஆனவங்களுக்கு மட்டும் ‘பணியிலிருப்பவர்’னு கிளாஸ் (வகை) கொடுத்தா தீர்ந்தது.

பழையடிபிஏ: கையால எழுதினா யாருக்கும் வரும் தம்பி. அவர் சொன்னது டைரக்ட் மேப்பிங். அதுல நல் எங்கே?

மூவுறுப்பன்: டேபிள்ல என்னென்ன காலம் இருக்குன்னு சொல்ற ஸ்கீமா கையில இருந்தா, டிரிபிள் இல்லாத இடமெல்லாம் நல்தான்னு திரும்பக் கண்டுபிடிச்சுடலாம்.

பழையடிபிஏ: ஆக ஸ்கீமாவைத் தனியா தூக்கிட்டு அலையணும். அப்புறம் என்ன ‘தொலையாது’? ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டற பிரைமரி கீ இல்லாத டேபிளுக்கு, பேரே இல்லாத வெற்றுக்கணு கொடுக்கற மேப்பிங்குக்கு இவ்வளவு வாய்! ஒரு டேபிளை இன்னொண்ணோட இணைக்கற ஃபாரின் கீ பத்தி முன்னாடி நடந்த விவாதத்துலயும் இப்படித்தான் பாதியில காணாமப் போனீங்க.

மூவுறுப்பன்: அன்னிக்கு சர்வர் விழுந்தது சார்.

தனித்தமிழ்வேள்: ‘டிரிபிள்’ என்று ஏன்? ‘மும்மை’ இருக்கிறதே.

கீழ்வரி: ஐயா, இப்போ அதுவா முக்கியம்? ‘வெற்றுக்கணு’ன்னு அவரே ஒண்ணு போட்டிருக்காரே, போதாதா?

தனித்தமிழ்வேள்: அதில் எனக்குக் குறையில்லை.

பழையடிபிஏ: எனக்கு இருக்கு. நல்லுக்கு இன்னும் பதில் வரலை. இன்னொண்ணு, நேத்து ‘ஒரு தகவலும் தொலையாது’ன்னு இருந்த பதிவு இப்போ ‘முக்கியமான தகவல் எதுவும் தொலையாது’ன்னு மாறியிருக்கே, யார் கை வெச்சது?

மூவுறுப்பன்: எழுத்துப்பிழை திருத்தினேன்.

பழையடிபிஏ: ‘முக்கியமான’ எழுத்துப்பிழையா? பழைய பதிவைப் படம் பிடிச்சு வெச்சிருக்கேன், போடட்டுமா?